எஸ்ஸுக்கு முன்னால் ஒரு கொக்கி

நவம்பர் 4, திங்கள்

கடைச் சாவி கைக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு இனி ஷட்டர் வைத்த கடை. காலேஜுக்கு நேர் எதிரே, பஸ் ஸ்டாப்பை ஒட்டி. சாவியை வாங்கியதும் ஷட்டரை மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பக்கத்து ஜூஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எண்ணெ போடணும்லா" என்றார். வந்த முதல் நாளே யோசனை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இந்த டைரி நூல் கம்பெனி ஏஜெண்ட் ஜனவரியில் கொடுத்தது. பத்து மாதமாக மேஜைக் காலுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. "கடை வேலைய ஒவ்வொண்ணா எழுதி வையிக்கா, இல்லன்னா மறந்திருவ" என்று ஹெப்சிதான் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாள்.

ஹெப்சி என் தங்கை. என்னைவிட ஒன்பது வயது இளையவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். நான் பதினொன்றாம் வகுப்போடு நிறுத்தி மெஷினில் உட்கார்ந்தேன், அவள் பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் டீச்சராக இருந்தாள். அதை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை என்று என்னோடு உட்கார்ந்தாள். நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது என்னைவிட நேராக வெட்டுகிறாள்.

எழுதிவிட்டுப் படித்தால் யாருக்கோ எங்களை அறிமுகம் செய்வதுபோல் இருக்கிறது. இருக்கட்டும்.

பாக்கி வேலை: ஷட்டருக்கு எண்ணெய் (ஜூஸ்காரர் சொன்னதற்காக இல்லை), கண்ணாடி, டிரையல் ரூமுக்குத் திரை, பெயர்ப் பலகை.

இதுவரை எங்களுக்குப் பெயர் கிடையாது. "ரூபியக்கா வீட்ல தச்சது" என்பார்கள், அவ்வளவுதான். ஹெப்சி "ரூபி டெய்லரிங்" என்று வைக்கச் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டு பேர் உழைக்கிற கடைக்கு ஒருத்தி பெயரா? "சிஸ்டர்ஸ் டெய்லரிங்" என்று முடிவு செய்துவிட்டேன். அவள் "ம்" என்றாள். சந்தோஷம் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது.

நவம்பர் 7, வியாழன்

மெஷின் மூன்றையும் கடைக்கு மாற்றினோம். பதினொரு மணிக்கு வருகிறேன் என்ற லோடு ஆட்டோ ஒன்றரைக்கு வந்தது. ஒத்தாசைக்குப் பேச்சியம்மாள் வந்திருந்தாள். கொக்கி கட்டுவது, காஜா எடுப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அவள் வேலை. ஆறு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். அவளுக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது.

என் பழைய மெஷினின் டிராயரை நான் ஒதுக்குகிறேன் என்றுதான் சொன்னேன். அதற்குள் ஆட்டோக்காரர் வெளியே கத்த, போக வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தபோது பாபின், உடைந்த ஊசி, பழைய சீட்டுகள் எல்லாம் தரையில் கூறு கூறாகக் கிடந்தன. ஹெப்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. "தூசிக்கா" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தூசி ஆகாது.

டிராயரில் என்னென்ன கிடந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

மழை. ஹெப்சிக்குத் தலைவலி, மத்தியானம் சாப்பிடவில்லை. ஷட்டருக்கு எண்ணெய் போட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

நாற்பத்திரண்டு வயதில் இன்று பாடம் படித்தேன்.

கடைப் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். ஹெப்சி கறுப்பு லைனிங் துணியை மேஜையில் விரித்து, துணியில் கோடு போடும் சாக்பீஸால் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். எழுதி முடித்து, எழுத்தின் தலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வளைவு போட்டாள்.

"இது என்னட்டி, கொக்கி மாதிரி?"

"அப்பாஸ்ட்ரஃபிக்கா."

"கொக்கின்னே சொல்லுதேன்."

சிரித்தாள். நாலு நாளைக்கப்புறம் இன்றுதான் சிரித்தாள்.

மறக்காமலிருக்க அவள் சொன்னதை இங்கே எழுதுகிறேன். தமிழ் எழுத்தில்தான், எனக்கு அதுதான் வசதி. ஒரே ஒரு சிஸ்டருக்குச் சொந்தம் என்றால் கொக்கி எஸ்ஸுக்கு முன்னால்: சிஸ்டர்'ஸ். ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தம் என்றால் எஸ்ஸுக்குப் பின்னால்: சிஸ்டர்ஸ்'. எங்கள் கடைக்கு இரண்டாவதுதான் சரி. கொக்கியே இல்லாமல் எழுதினால் என்ன என்று கேட்டேன்.

"அப்பம் ஒண்ணுக்கு மேல சிஸ்டர் இருக்காங்க, அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் சொந்தம்னு அதுல வராது."

"பெறகு அத எதுக்குப் போர்டுல போடணும்?"

அவள் துணியில் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள்.

மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. "கேட்டா தெரியாதுக்கா, பாத்தாத்தான் தெரியும்" என்றாள். சாக்பீஸை என் கையில் கொடுத்துப் பத்துத் தடவை எழுத வைத்தாள்.

"எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்? நீதான் இருக்கியே."

"நீ தெரிஞ்சுக்கிடணும்க்கா."

டீச்சர் வேலை பார்த்தவளுக்கு அந்தக் குணம் போகுமா? துணியைத் துவைத்துக் காயப் போட்டேன். நாளைக்கு அது யாருக்கோ லைனிங் ஆக வேண்டும்.

நவம்பர் 13, புதன்

எனக்கு இப்போது ஒரு வியாதி வந்திருக்கிறது. ரோட்டில் போனால் போர்டுகளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. ஊரே கொக்கியை வாரி இறைத்து வைத்திருக்கிறது. ஜூஸ் கடையில் "ஃபுரூட்'ஸ்". ஹாஸ்டல் வாசலில் "லேடி'ஸ்". ஒரே ஒரு அம்மா தங்குவதற்கு மூன்று மாடி. சிக்கன் கடைக்காரர் "எக்'ஸ்" என்று எழுதியிருக்கிறார். முட்டைக்கு என்ன சொத்து இருக்கிறது என்று தெரியவில்லை.

ஹெப்சியோடு நூல் வாங்கப் போனபோது ஒரு பெயிண்ட் கடையைக் காட்டினேன். "தங்கையா அண்டு சன்'ஸ்".

"அவருக்கு மூணு பையம்லாட்டி? கொக்கி முன்னாடில்லா கெடக்கு."

"போர்டுபடி பாத்தா ஒருத்தனுக்குத்தான்."

"மத்த ரெண்டு பேரு?"

"அவனுவ வேற எங்கயாவது பொழைச்சுக்கிடுவானுவ" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்காமல் நூல் கடைக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 16, சனி

போர்டு சொல்லியாயிற்று. சுடலைமுத்து என்று மார்க்கெட் பக்கம் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறவர். ஃபிளெக்ஸ் ஒரு மழைக்குக் கிழியும். அக்ரிலிக் எழுத்தாக ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிவிடுவோம், கொக்கிகூடத் தனியாக வரும் என்றார். அவர் "கமா" என்கிறார். மேலே தமிழில், கீழே இங்கிலீஷில். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், கொக்கியை எஸ்ஸுக்குப் பின்னால் பத்திரமாகப் போட்டு. முறையான மேட்டரை ஹெப்சி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

வீட்டுக்கு வந்தால் கட்டில்மேல் அவளுடைய சர்ட்டிபிகேட் ஃபைல் திறந்து கிடந்தது. பீரோவைச் சுத்தம் செய்தாளாம். நல்லதுதான், பீரோ குப்பையாகத்தான் இருந்தது.

நவம்பர் 20, புதன்

ஹெப்சி பேச்சியம்மாளுக்கு அளவு நோட்டில் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள். நெஞ்சு, இடுப்பு, தோள், கை. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷினையும் ஓட்டப் பழக்குகிறாள். "இதெல்லாம் நீ பாக்கியதுதான, அவளுக்கு எதுக்கு?" என்றேன். "ஆள் கூட இருந்தா உனக்கு ஒத்தாசதான" என்றாள். உனக்கு என்றாள். நமக்கு என்று சொல்லியிருக்கலாம். வேலை அவசரத்தில் வார்த்தை அப்படித்தான் வரும்.

நவம்பர் 23, சனி

ஹெப்சி கூட்டாளி கல்யாணம் என்று நேற்றே கோயம்புத்தூர் போய்விட்டு இன்று சாயங்காலம் வந்தாள். பட்டுச் சேலை பீரோவில் தொங்க, வெள்ளைக் காட்டன் சேலை கட்டிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு அப்படி யார் போவார்கள்? கையில் அந்த ஃபைல் வேறு. தாம்பூலப் பை எங்கே என்று கேட்டேன். கொடுக்கவில்லையாம். கஞ்சக் கல்யாணம் போலிருக்கிறது.

பாடகர் குழு அம்மாமார் இருபத்திநாலு பேருக்குக் கிறிஸ்துமஸ் ஜாக்கெட் வந்திருக்கிறது. எல்லாம் ஒரே மயில் கழுத்து நிறம்.

நவம்பர் 27, புதன்

போர்டு மாட்டிவிட்டார்கள். நான் வீட்டில் தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன். சுடலைமுத்து போட்டோ அனுப்பியிருந்தார். தோசையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

வெள்ளைப் பலகையில் நீல எழுத்து. பஸ் ஸ்டாப்பிலிருந்தே தெரிகிறது. முதலில் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அப்புறம் வாசித்தேன். கொக்கி எஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறது.

பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி போனில் கத்தினேன்.

"தம்பி, நான் தாள்ல எழுதித் தந்தனா இல்லயா? ரெண்டு பேரு கடைய ஒருத்தி கடையா ஆக்கி வச்சிருக்கீங்களே!"

"யக்கா, ஒரு கமாதான? ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான வைக்காங்க."

"ஊர்ல எல்லாரும் கொக்கிய முதுகுல கட்டுனா நானும் கட்டணுமா?"

"யக்கா, எனக்கு வந்த மேட்டர்படிதான் வெட்டுனேன். நீங்க கடைக்கு வாங்க, காட்டுதேன்."

அப்புறம் வந்த ஹெப்சி போர்டைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "நல்லாருக்குக்கா" என்றாள். "கொக்கியப் பாத்தியா?" என்றேன். "பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள்.

தோசை கரிந்து, வீடெல்லாம் புகை.

நவம்பர் 28, வியாழன்

சுடலைமுத்து கடைக்குப் போனேன். அவர் போனைத் தடவித் தடவிக் காட்டினார். ஹெப்சி அனுப்பிய மேட்டர். கொக்கி எஸ்ஸுக்கு முன்னால்தான் இருந்தது.

"நானும் கேட்டேன்க்கா. அக்கா தாள்ல கமா கடைசில கெடக்கு, நீங்க அதுக்கு முன்னாடி போட்டிருக்கிய, எது சரின்னு. கீழ பாருங்க, பதில் போட்டிருக்காங்க."

நான் அனுப்புனதுதான் சரி, அப்படியே வையுங்க என்று இருந்தது.

"அவங்க இங்கிலீஷ் டீச்சர்லா. அதுக்குமேல நான் என்ன பேச?"

"சரி தம்பி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன். நனைந்துதான் வந்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

போனில் எழுத்து சின்னது. விரல் பட்டு மாறியிருக்கும். குடையை எடுத்து வர வேண்டும்.

நவம்பர் 30, சனி

ஹெப்சியிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? டிரையல் ரூம் திரைக்கு வளையம் வாங்கினேன். ஒன்று குறைகிறது.

டிசம்பர் 2, திங்கள்

கடை திறப்பு. பாஸ்டர் ஐயா ஜெபம் செய்தார். "இந்தச் சகோதரிகள் இருவரின் கைகளையும் ஆசீர்வதியும்" என்றார். தமிழில் எவ்வளவு வசதி, கொக்கி வேண்டாம், "கள்" போட்டால் போதும். நான் ஒரு கண்ணைத் திறந்து ஹெப்சியைப் பார்த்தேன். அவளும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் உடனே மூடிக்கொண்டோம்.

கேக்கும் மிக்சரும் தீர்ந்துவிட்டன. ஜூஸ்காரருக்கு ரெண்டு தடவை கொடுத்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. இன்று மட்டும் ஷட்டருக்கு வெளியே பத்துத் தடவை போய் நின்றிருப்பேன். போர்டு அங்கேயேதான் இருக்கிறது.

பேச்சியம்மாளுக்கு வேலை அதிகம் என்று பாடகர் குழு ஜாக்கெட்டில் நாலுக்கு நானே கொக்கி கட்டினேன். அவள் எடுத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, என்ன இது?" என்றாள். நாலிலும் கொக்கியும் வளையமும் பக்கம் மாறியிருந்தன. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அப்படிக் கட்டியதில்லை. பிரித்துக் கட்டினேன். ஹெப்சி என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் ஓவர்லாக்கை ஓட விட்டேன். அதன் சத்தத்தில் யாரும் பேச முடியாது.

டிசம்பர் 9, திங்கள்

மத்தியானம் ஒரு கன்னியாஸ்திரி உள்ளே வந்தார். சாம்பல் நிற அங்கி, கையில் துணிப் பை. ஏதோ மடத்துச் சகோதரிகள் நடத்துகிற தையல் கடை என்று நினைத்துவிட்டாராம். நர்ஸம்மா கடையா என்று போன வாரம் ஒருத்தர் கேட்டார், இது புதுசு. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு, வெளியே போர்டை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.

"பின்ன, ஒரு சிஸ்டரோட கடைன்னுதானேம்மா எழுதியிருக்கு? எந்த சிஸ்டரோடது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹெப்சி சொல்லிவிட்டாள்.

"அக்காவோடது."

வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

காலையில் அவள் வருவதற்கு முன்னால் கடைக்கு வந்து பழைய மெஷின் டிராயரை முழுசாக வெளியே இழுத்தேன். அடியில் விரித்திருந்த பேப்பரைத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் கவர் இல்லை.

எழுதிவிடுகிறேன். டிராயரில் என்ன கிடந்தது என்று எனக்கு எப்போதும் ஞாபகம் இருந்தது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசனில், நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஹெப்சிக்கு இன்டர்வியூ கடிதம் வந்தது. தபால்காரர் என் கையில் கொடுத்தார். கொடியில் நாற்பது ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி முடியட்டும், கொடுக்கலாம் என்று டிராயரில் வைத்தேன். தீபாவளி முடிந்தபோது தேதியும் முடிந்திருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் எனக்குப் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். தேதி எந்த பாஷையிலும் தேதிதான்.

தபால் ஏதாவது வந்ததா என்று அவள் ரெண்டு தடவை கேட்டாள். ரெண்டு தடவையும் இல்லை என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

பேச்சியம்மாள் சாப்பிடப் போன நேரத்தில் கேட்டேன்.

"அந்தக் கவர நீ எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எப்பம்?"

"மெஷின் மாத்துன அன்னைக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"நீ ஒரு வார்த்த சொன்னியா?"

மெஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடம். இங்கிலீஷ் டீச்சர். தங்குகிற இடம் உள்ளேயே. கோயம்புத்தூரில் கல்யாணம் எதுவும் இல்லை, இன்டர்வியூதான். ஜனவரி மூணாம் தேதி சேர வேண்டும். எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"இத வாயால சொல்ல வேண்டியதுதானட்டி? போர்டுல எழுதி, ஊருக்கெல்லாம் காட்டி..."

"ஊருக்கு என்ன தெரியும்? அன்னைக்கு வந்த மடத்துச் சிஸ்டர விட்டா, இந்த ரோட்ல அத வாசிக்கத் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். ஒண்ணு நான், இன்னொண்ணு நீ. அதுக்குத்தான உன்னப் பத்து தடவ எழுத வச்சேன்."

மேஜையில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டினேன்.

"நேர்ல சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் இருந்துருவேன். நாலு வருஷமா அப்பிடித்தான இருந்தேன்? இந்தக் கட உனக்கு, உன்னால வந்தது. எனக்கு இதுல வேல தெரியும்க்கா, ஆச இல்ல."

நான் அழவில்லை. அதைவிடக் கேவலமாக நடந்துகொண்டேன். "போ. ஆனா போறதுக்கு முன்னாடி அந்தக் கொக்கிய சரியான எடத்துல மாட்டிட்டுப் போ" என்றேன்.

"அது சரியான எடத்துலதான் இருக்கு."

அவள் முன்னாலேயே சுடலைமுத்துவுக்குப் போன் போட்டு, கமாவை எஸ்ஸுக்குப் பின்னால் மாற்ற வேண்டும், ஏணியோடு வாருங்கள் என்றேன். அவர் அடுத்த புதன்கிழமைதான் வர முடியுமாம்.

கோபம் அவள்மேல் மட்டும் இல்லை. அதை எழுதாமல் விட்டால் இந்த டைரியும் அந்த டிராயர் மாதிரி ஆகிவிடும். பயமாகவும் இருக்கிறது. எனக்கு வேறு யாரும் இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

பேசவில்லை.

டிசம்பர் 14, சனி

பேசவில்லை. கத்தரி எங்கே என்று பேச்சியம்மாளிடம் கேட்டாள். கத்தரி என் கையில் இருந்தது. பேச்சியம்மாள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சும்மா இருந்தாள்.

டிசம்பர் 16, திங்கள்

பாடகர் குழு ஜாக்கெட் இருபத்திநாலும் கொடுத்தாயிற்று.

கோத்தகிரியில் கம்பளி இல்லாமல் இருக்க முடியாதாம். பேச்சியம்மாளின் மதினி அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்தவள். சொன்னது பேச்சியம்மாள், கேட்டது நான். கொஞ்சம் தடித்த துணியில் உள்ளே லைனிங் கொடுத்து, மணிக்கட்டுவரை கை வைத்து நாலு ஜாக்கெட் தைக்கலாம் என்று எடுத்தேன். லைனிங் துணியைத் தேடியபோது அந்தப் பாடம் எழுதிய கறுப்புத் துணிதான் கைக்கு வந்தது. வெட்டினேன்.

ஹெப்சிக்கு நான் அளவு எடுத்தே பத்து வருஷம் இருக்கும். மனப்பாடம். ஆனால் முழுக்கை தைத்ததில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன்.

"கைய நீட்டுட்டி."

நீட்டினாள். மேல்கைச் சுற்று மனப்பாடத்தைவிட முக்கால் இஞ்ச் குறைவாக இருந்தது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டு என்னோடு வீட்டுக்கு வருகிறவள், இளைத்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றேன், டேப்பைப் பார்த்துக்கொண்டே.

"எதுல, அளவுலயா?"

"லெட்டர்ல."

நான் அளவெடுத்து நோட்டில் எழுதி முடித்த பிறகும் கையை மடக்காமல் நீட்டியபடியே நின்றாள். நானும் டேப்பைச் சுருட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 18, புதன்

சுடலைமுத்து ஏணியோடு வந்தார். என் குடையையும் கொண்டுவந்தார், நல்ல மனிதர். அவரை வரச் சொன்னதையே நான் மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. ரெண்டு நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஹெப்சி வாசலில் வந்து நின்றாள். சுடலைமுத்து மேலே ஏறி, ஹேர் டிரையர் மாதிரி ஒன்றால் சூடு காட்டி, கொக்கியை நெம்பி எடுத்தார். நுனி வளைந்த நீலத் துண்டு, என் கட்டைவிரல் நீளம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கேட்டார்.

"எஸ்ஸுக்குப் பின்னாடிதானக்கா? எந்த ஒசரத்துல வைக்க?"

பின்னால் வைத்தால் அவளையும் போர்டில் பிடித்து வைத்ததாகும். மூன்றாம் தேதி அவள் கோத்தகிரியில் இருப்பாள், போர்டு பொய் சொல்லும். முன்னால் இருந்த இடத்திலேயே வைத்தால் நான் ஒருத்தி என்றாகும். அதுவும் பொய்தான்.

"எங்கயும் வைக்க வேண்டாம் தம்பி. கீழ எறங்குங்க."

"கமா இல்லாம தப்பாயிராதா? போன தடவ இதுக்குத்தான அந்தச் சத்தம் போட்டிய?"

"தப்பு இல்ல. ஒண்ணுக்கு மேல சிஸ்டர் இருக்காங்க, அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் சொந்தம்னு அதுல வராது."

சுடலைமுத்துவுக்குப் புரியவில்லை. கொக்கி இருந்த இடம் பொக்கையாகத் தெரிகிறது, எஸ்ஸைக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டிவிடட்டுமா என்றார். இருக்கட்டும் என்றேன். கொக்கியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் ஹெப்சி இல்லை. டிரையல் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வளையம் குறைந்த திரை, ஓரத்தில் கொஞ்சம் விலகித்தான் இருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெகு நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

தூசியாம்.

ஜனவரி 2, வியாழன்

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது. பின்னால் முகவரி எழுதுகிற பக்கங்களில் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு முகவரி இருக்கிறது. கோத்தகிரி. ஹெப்சியின் கையெழுத்து.

காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேராகக் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினேன். பஸ் ஸ்டாண்டில் நான் அழுதேன். நான் அழுதும் அவள் இறங்கவில்லை. கையைக் காட்டிக்கொண்டே போனாள், புது ஜாக்கெட்டின் கை மணிக்கட்டுவரை சரியாக இருந்தது.

கொக்கி டப்பாவில் போட்டு வைத்திருந்த அந்த நீலக் கொக்கியைக் காணவில்லை. பேச்சியம்மாளிடம் கேட்டேன். "ஹெப்சியக்கா பேனாப் பையில எடுத்து வச்சாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

பத்தரை மணிக்குக் காலேஜ் பிள்ளை ஒருத்தி ஜாக்கெட் தைக்க வந்தாள். உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சிஸ்டர்ஸ்னு போட்டிருக்கு. இன்னொரு சிஸ்டர் எங்கக்கா?"

"கோத்தகிரில இங்கிலீஷ் டீச்சரா இருக்கா."

"எப்ப வருவாங்க?"

"அவளுக்குத் தோணும்போது வருவா" என்றேன். "கைய நீட்டும்மா, அளவு எடுக்கணும்."